குறிப்பின் தலைவரி: பிளேட்டோவில் பாடமும் பேச்சும்

இணையக் குழுக்கள் வகுப்பறைக்குள் வந்த வரலாற்றைத் தேடுவோர் ஃபேஸ்புக்கையும் கூகுளையும் தாண்டிப் பின்னோக்கி நடந்தால், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில் போய் நிற்பார்கள். டொனால்டு பிட்சர் 1960-இல் அங்கே தொடங்கிய பிளேட்டோ, கணினி வழியாகப் பாடம் நடத்தும் முயற்சி. அதைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கு முதலில் கைக்கு எட்டுவது டேவிட் வூலி 1994-இல் எழுதிய கட்டுரை. பிளேட்டோ கல்விக்காகவே கட்டப்பட்டது என்றாலும், அது விட்டுச்சென்றவற்றில் நீடித்து நிற்பது அதன் தகவல்தொடர்பு வசதிகளால் உருவான இணையச் சமூகமாகத்தான் இருக்கும் என்கிறார் அவர்.

இந்தக் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வூலி வெளியே நின்று பார்த்தவர் அல்லர். 1973-இல், 17 வயது மாணவராக, பயனர்கள் குறிப்பெழுதிப் பேசிக்கொள்ள உதவிய பிளேட்டோ நோட்ஸ் நிரலை எழுதியவரே அவர்தான். பின்னால் நடந்தவையும் அவர் பக்கமே பேசுகின்றன. எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் 1970-களின் பிற்பகுதியில் சமுதாயக் கல்லூரிகளில் செய்த மதிப்பீடு, பிளேட்டோவால் மாணவர்களின் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவில் கூடியதாகக் காணவில்லை. மறுபுறம், மாணவப் பருவத்தில் பிளேட்டோவில் வேலை பார்த்த ரே ஆஸி, அங்கே பழகிய நோட்ஸை மனத்தில் வைத்து லோட்டஸ் நோட்ஸை உருவாக்கினார். 1989-இல் வெளிவந்த அது உலகெங்கும் அலுவலகங்களில் குடியேறியது. பாடத்தின் கதை சோர்ந்தது, பேச்சின் கதை செழித்தது என்று ஒரே ஏட்டை இரண்டாகக் கிழிக்க இவ்வளவு போதும்.

கிழிந்த அந்த இடத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

நோட்ஸ் எப்படிப் பிறந்தது என்பதை வூலியே விவரித்திருக்கிறார். அதற்கு முன்பு பிழைகளைச் சொல்லவும் சந்தேகம் கேட்கவும் பொதுக்கோப்புகள் சில திறந்து கிடந்தன. கோப்பைத் திறந்து, முந்தியவர் எழுதியதற்குக் கீழே தம் வரிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். எழுதியவர் யாரென்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அடுத்தவர் எழுதியதை எவரும் அழித்துவிடலாம். இதற்கு ஒரு வழி செய்யச் சொல்லி வூலியிடம் கேட்டவர் பால் டென்சார். பாடங்களை எழுத உதவும் டியூட்டர் என்ற நிரல்மொழியை 1967-இல் வடிவமைத்தவர் இவர்.

அந்தக் கோப்புகளில் எழுதியவர்கள் யார்? வூலி அவர்களைப் பயனர்கள் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோகிறார். பிளேட்டோவில் மாணவர் நுழைவு வேறு, பாடம் எழுதுவோரின் நுழைவு வேறு. மாணவர் நுழைந்தால் நேரே அவருக்கு வகுத்த பாடத்துக்குப் போவார். கோப்பைத் திறந்து திருத்தும் உரிமை அவருக்குக் கிடையாது. ஆகவே அந்தப் பொதுக்கோப்புகளில் முதலில் கூடியது பெரும்பாலும் பாடம் எழுதுவோரின் கூட்டம் என்றே கொள்ள வேண்டும். நேற்று எழுதிய பாடம் இன்று ஏன் நின்றுபோனது என்று கேட்க வந்தவர்கள் அவர்கள். வூலி துணைவிளைபொருளாகக் காணும் சமூகம், பாடம் தயாராகும் பட்டறையிலேயே முளைத்திருக்கிறது.

இதற்கு இன்னொரு தடயம் நோட்ஸின் தலைவரியில் இருக்கிறது. பழைய குழப்பத்துக்கு மருந்தாக, ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தேதியையும் எழுதியவரின் அடையாளத்தையும் கணினியே பொறித்தது. அந்த அடையாளம் இரண்டு சொற்களால் ஆனது. பிளேட்டோவுக்குள் நுழையும்போது முதலில் பெயரைக் கேட்கும். அடுத்து, தொடக்கக் காலத் திரையில், பாடப்பிரிவைக் கேட்கும். அதைத் தட்டச்சு செய்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஸ்டாப் விசையைத் தட்ட வேண்டும். பிற்காலத் திரையில் அதே வரி அதே இடத்தில் இருக்கிறது. ‘பாடப்பிரிவு’ என்ற சொல் மட்டும் ‘குழு’ என்று மாறியிருக்கிறது.

சிறிய பாடபேதம்தான். ஆனால் சுவடியில் ஒரு சொல் மாறினால் பொருள் எங்கே நகர்கிறது என்று பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும். பிளேட்டோவில் ஒருவர் எதைப் பற்றிப் பேசினாலும், எந்தப் பாடப்பிரிவின் வாசல் வழியாக வந்தார் என்பது அவர் பெயரை ஒட்டியே நின்றது. சமூகத்தின் முகவரி வகுப்பின் முகவரியாக இருந்தது. பின்னால் அதே இடத்தில் ‘குழு’ வந்தபோது, வகுப்பு என்ற பழைய பொருள் கண்ணுக்கு மறைந்தது. 1994-இல் திரும்பிப் பார்ப்பவருக்குச் சமூகம் தனியாகவும் வகுப்பு தனியாகவும் தெரிவதற்கு இந்தச் சொல் மாற்றமும் ஒரு காரணம் என்று வாதிடலாம். சொல் மாறியதை, 1976 ஜனவரியில் நோட்ஸின் அடுத்த வடிவமாக வந்த குழுக் குறிப்புகளோடு முடிச்சுப்போடும் ஆசை எழும். இரண்டிலும் ‘குழு’ வருகிறது என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. எனவே ஆண்டைத் திறந்தே விடுவதுதான் நேர்மை.

டெர்ம் என்ற விசையின் பயன்கள் இன்னும் உறுதியான சான்று. பாடத்தின் நடுவே அந்த விசையைத் தட்டி ‘டாக்’ என்று எழுதினால், வேறோர் ஊரில் டெர்மினல் முன் இருப்பவரை அழைக்கலாம். ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரையின் அடியில் இரண்டு வரிகளில் பேச்சு ஓடும். மேலே பாடம் அப்படியே நிற்கும். சிக்கிக்கொண்டவர் விரும்பினால் தம் திரையை மறுமுனையில் இருப்பவருக்குக் காட்டவும் முடிந்தது. பாடம் எழுதுவோருக்கு உதவிய ஆலோசகர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள்: அவர் தடுமாறும் இடத்தைத் தாங்களும் பார்த்துக்கொண்டே கீழே இரண்டு வரியில் வழி சொன்னார்கள். அதே விசையைத் தட்டி ‘கமென்ட்ஸ்’ என்று எழுதினால், படித்துக்கொண்டிருக்கும் மாணவர் தம் கருத்தைப் பாடத்தை எழுதியவருக்கே அனுப்பலாம். கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியரிடம் கை தூக்கிக் கேட்கலாம்; அச்சிட்ட பாடநூலை எழுதியவரிடம் எந்த மாணவர் கேட்டிருக்கிறார்? இதைப் பாடத்துக்கு வெளியே முளைத்த சமூகம் என்று எப்படிச் சொல்வது?

வூலிக்குச் சாதகமானதையும் மறைக்கக் கூடாது. 1973-இல் டக் பிரவுன் எழுதிய டாக்கோமேட்டிக்கில் ஒரு தடத்தில் ஐந்து பேர் வரை பேசலாம். ஒருவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அந்தக் கணமே மற்றவர் திரையில் விழும். அதில் பாடம் எதுவும் இல்லை. பேசுகிற இன்பம்தான் இருந்தது. எம்பயர் போன்ற விளையாட்டுகளில் விடியவிடியக் கிடந்தவர்களையும் வகுப்பறைக் கணக்கில் சேர்க்க முடியாது. வூலியின் கூற்று இவர்களுக்குப் பொருந்தும். நோட்ஸுக்கும் அதையே நீட்டுவதுதான் இடறுகிறது. கல்வியை அளந்த மதிப்பீடு மாணவர்களின் தேர்ச்சியையும் மனப்பாங்கையும் பார்த்தது. பாடம் எழுதியவரும் படித்தவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டதற்கு அந்த அளவுகோலில் இடமில்லை. அளக்காத ஒன்றைத் தோற்றதாக எழுதக் கூடாது.

2008-இல், அதே இல்லினாய்ஸ் மாநிலத்தில், பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள் எட்மோடோ என்ற வகுப்பறைச் சமூக வலைத்தளத்தைத் தொடங்கினார்கள். ஃபேஸ்புக் போன்ற தோற்றம்; உள்ளே வர ஆசிரியர் தரும் குழுக் குறியீடு வேண்டியிருந்தது. மாணவர் தம் பெயரோடு அந்தக் குறியீட்டையும் எழுதித்தான் வகுப்புக்குள் நுழைந்தார். பிளேட்டோவின் நுழைவுத் திரையை அவர்கள் பார்த்துச் செய்தார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. மாநிலம் ஒன்றாக இருப்பது வம்சாவளி ஆகாது. ஆனாலும் பெயருக்குப் பக்கத்தில் வகுப்பை எழுதச் சொன்ன அந்த வரி, ‘குழு’ என்ற அதே சொல்லோடு, மீண்டும் மாணவர்களின் திரைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் எட்மோடோ மூடப்பட்டது.