வெட்டாத மரத்துக்குக் கூலி

காடு திருத்திக் கழனியாக்கியவர்கள் என்று முன்னோரைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பயிர் நின்றால் அது சாகுபடி. மரஞ்செடி மண்டிக் கிடந்தால் தரிசு.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா என்றொரு நாடு. பரப்பில் தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. 1948-லேயே ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு. அங்கும் ஒரு காலத்தில் நிலத்துக்கு உரிமை கேட்பவன், அதைத் 'திருத்தியதாக'க் காட்ட வேண்டியிருந்தது. காட்டை வெட்டுவதும் திருத்தமாகவே கருதப்பட்டது. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கு நல்ல விலை, மாட்டுப் பண்ணைக்கு வங்கிக் கடன். கேட்க வேண்டுமா? 1950-க்குப் பிறகு முப்பது நாற்பது ஆண்டுகளில் நாட்டின் காட்டில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகிவிட்டது.

அரசு விழித்துக்கொண்டது. 1979-ல் மரம் நடுவோருக்கு வருமான வரிச் சலுகை தந்தது. வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே இல்லாத சிறு விவசாயிக்கு அதனால் என்ன லாபம்? அதனால் 1986-ல் மானியச் சான்றிதழ் வந்தது. அதுவும் நடுகிறவனுக்குத்தான், இருக்கிற காட்டை வெட்டாமல் காத்தவனுக்கு இல்லை.

1996-ல் வந்த 7575-ஆம் எண் வனச் சட்டம்தான் திருப்பம். காட்டை அழித்து வேறு உபயோகத்துக்கு மாற்றக்கூடாது என்று ஒரு கையால் தடுத்தது. மறு கையால் பணம் கொடுத்தது. காற்றில் உள்ள கரியமில வாயுவைக் குறைப்பது, நீரைக் காப்பது, உயிரினங்களுக்கு இடம் தருவது, இயற்கை அழகைப் பேணுவது என்று நான்கு சேவைகளைக் காடு செய்கிறது, அதற்கு உடையவருக்குக் கூலி உண்டு என்றது. 1997-ல் பட்டுவாடா தொடங்கியது. பணம் பெரும்பாலும் பெட்ரோல், டீசல் வரியிலிருந்து. புகை விடுகிறவன் கொடுக்க, அதை உறிஞ்சும் மரத்தைக் காப்பவன் வாங்குகிறான். 2000-களில் காட்டைக் காக்க எக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 64 டாலர் கிடைத்தது.

குறையும் உண்டு. ஆரம்பத்தில் முறையான பத்திரம் உள்ள பெரிய நிலக்காரர்களுக்கே பணம் அதிகம் போயிற்று. பத்திரமில்லாத ஏழை வெளியே நின்றான். பிறகுதான் விதிகளைத் தளர்த்தினார்கள். காடு திரும்பியதற்கு இந்தப் பணம் மட்டுமே காரணமும் அல்ல. 1980-களிலேயே மாட்டிறைச்சி விலை சரிந்து, பல மேய்ச்சல் நிலங்கள் தாமாகவே மரம் மூடிவிட்டன. சுற்றுலாவும் கைகொடுத்தது. ஆனாலும் இன்று நாட்டில் பாதிக்கு மேல் காடு. 2021-ல் எர்த்ஷாட் பரிசும் கிடைத்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது பரிசு அல்ல. சும்மா கிடக்கிறது என்று எண்ணிய நிலம் வேலை செய்கிறது என்று ஓர் அரசு கணக்கில் எழுதியதே, அதுதான். நான் கையெழுத்திட்ட பக்கங்களில் 'தரிசு' என்று எத்தனை இடத்தில் எழுதியிருப்பேனோ, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.