ஆளிவிதை எண்ணெயும் அழிந்துபோன ஓர் எழுத்தும்: துப்பாக்கிக் கட்டையை வாசித்தல்

நீண்ட பதிவு. பொருள்சார் பண்பாட்டு வரலாற்றில் ஈடுபாடுள்ள மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் வட இந்திய நகரம் ஒன்றிலுள்ள சிறிய அருங்காட்சியகத்தில், ஒரே கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு லீ-என்ஃபீல்டு ரைபிள்களைக் கண்டேன். இரண்டும் .303 வகை, இரண்டும் இசாப்பூரில் உருவானவை. ஒன்றின் மரக்கட்டை கறுத்து, அழுக்கேறி, நெடுகத் தழும்புகளுடன் கிடந்தது. மற்றொன்று தேன் நிறத்தில் மின்னியது. மரத்தின் ரேகைகள் நீரோட்டம்போல் தெளிவாகத் தெரிந்தன. வந்தவர் அனைவரும் இரண்டாவதையே படமெடுத்தனர். அதன் பொறுப்பாளர் நல்ல மனிதர். "நாங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசிப் புதுப்பித்தோம். அடுத்ததையும் விரைவில் செய்துவிடுவோம்" என்று பெருமையுடன் சொன்னார். அவர் கைவேலையில் குறை காண இயலாது. ஆனால் ஆய்வாளனாகிய எனக்கு அந்தப் பளபளப்பான கட்டையில் வாசிப்பதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. இக்கட்டுரை அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்தது.

முதலில், இக்கட்டைகள் ஏன் எண்ணெய் பூசப்பட்டன என்பதைக் காண்போம்.

படைத் துப்பாக்கிக்கான மரம் மூன்று சோதனைகளைத் தாங்க வேண்டும். வெடிப்பின் பின்னுதைப்பில் பிளவுபடக் கூடாது. ஈரத்திலும் வெயிலிலும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. உளிக்கும் இயந்திரத்துக்கும் ஒருசேர இணங்க வேண்டும். ஐரோப்பாவில் இம்மூன்றுக்கும் ஏற்றதாக நெடுங்காலம் கருதப்பட்டது அக்ரூட் மரம். இந்தியாவில் அது காஷ்மீரிலும் வடமேற்கு இமயச் சரிவுகளிலும் வளர்கிறது. வைரம் பாய்ந்த பகுதி கரும்பழுப்பாகவும், வெளிறு மங்கிய வெண்மையாகவும் இருக்கும். கட்டைக்கு உகந்த அளவு வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே படைக்கருவித் தொழிற்சாலை ஒன்று கேட்கும் மரம் ஒரு தலைமுறைக்கு முன்னரே நடப்பட்டிருக்க வேண்டும். காஷ்மீரில் அக்ரூட் மரத்தை வெட்டுவதற்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியைக் கட்டாயமாக்கியதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

இனி எண்ணெய். வார்னிஷ் மரத்தின்மேல் படலமாக நிற்கும், அடிபட்டால் பெயரும், பெயர்ந்த இடத்தில் ஈரம் புகும், போர்க்களத்தில் அதைச் சீர்செய்ய இயலாது, ஒளியையும் திருப்பி வீசும். ஆளிவிதை எண்ணெயோ மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. கீறல் விழுந்தால் ஒரு துணியும் சில துளி எண்ணெயும் போதும், படைவீரனே சரிசெய்துகொள்ளலாம். மங்கலான மேற்பரப்பு பகைவர் கண்ணுக்கு எளிதில் தென்படாது. எனவே பிரித்தானியப் படையின் ரைபிள்களில் எண்ணெய்ப் பூச்சே வழக்கமாயிற்று.

இந்த எண்ணெய் 'காய்வது' குறித்து ஒரு விளக்கம் தேவை. நீர் காயும்போது எதையோ இழக்கிறது; ஆளிவிதை எண்ணெய் காயும்போது எதையோ பெறுகிறது. அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லினோலெனிக் அமிலம். அதிலுள்ள மூன்று இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்து, அருகிலுள்ள மூலக்கூறுகளுடன் பின்னிக்கொண்டு, வலைபோன்ற திண்மமாகின்றன. இவ்வினை வெப்பத்தை வெளியிடுகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே தீப்பற்றுவதும் இதனால்தான். பட்டறைகளில் அத்துணிகளை விரித்து உலர்த்துவார்கள் அல்லது நீரில் அமிழ்த்துவார்கள்.

கையால் தேய்த்துப் பூசும் முறை எளிமையானது. ஆனால் பொறுமையைக் கோருவது. பழைய பூச்சை நீக்கிய பின், பள்ளமான இடங்களில் ஈரத்துணியிட்டுச் சூடான இரும்பால் ஒற்றினால், நீராவி நசுங்கிய நார்களை மீண்டும் எழுப்பும். பிறகு மரத்தை இலேசாக நனைத்து உலர்த்த, சிலிர்த்து நிற்கும் நுண்ணிழைகளை நயமான உப்புத்தாளால் நீக்குவர். முதற்பூச்சில் எண்ணெயுடன் டர்பன்டைன் கலந்தால் ஆழமாக இறங்கும். அடுத்தடுத்த பூச்சுகளைச் சில துளிகளாக இட்டு, உள்ளங்கைச் சூடு மரத்தில் ஏறும்வரை தேய்த்து, உறிஞ்சப்படாத எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். ஒரு வாரம் நாள்தோறும், ஒரு மாதம் வாரந்தோறும், ஓராண்டு மாதந்தோறும், பின்னர் வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கொருமுறை என்பது கைவினைஞரிடையே வழங்கும் கணக்கு. இலண்டனின் உயர்தரத் துப்பாக்கிப் பட்டறைகள் அல்கனெட் என்னும் செடியின் வேரை எண்ணெயில் ஊறவைத்துச் செந்நிறமேற்றின. அது செல்வர்களின் வேட்டைத் துப்பாக்கிக்கு. சிப்பாயின் துப்பாக்கிக்குக் கிடைத்தது வெறும் எண்ணெய்.

அந்த எண்ணெயின் அரசியலையும் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவுக்கு ஆளிவிதையைப் பெருமளவில் அனுப்பிய நாடுகளுள் இந்தியா ஒன்று. வங்காளம், பீகார், ஐக்கிய மாகாணம், மத்திய மாகாணம் ஆகிய பகுதிகளின் உழவர்கள் அதை நாருக்காக அன்றி விதைக்காகவே பயிரிட்டனர். அவ்விதை சாயமாகவும், வார்னிஷாகவும், தரைவிரிப்பான லினோலியமாகவும் மாறியது. 1857-ஐப் பற்றி எழுதும்போது தோட்டா உறையின் கொழுப்பைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதே என்ஃபீல்டு துப்பாக்கியின் கட்டையில் ஊறிய எண்ணெயைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. கலகத்துக்குக் காரணமாகாத பொருள்கள் வரலாற்றாசிரியர் கண்ணில் படுவதில்லை போலும்.

இசாப்பூருக்கு வருவோம். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில், 1787-இல் அங்கு வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது; 1791-இல் உற்பத்தி தொடங்கியது. அதே இடத்தில் 1904-இல் ரைபிள் தொழிற்சாலை அமைந்தது. 1907-இல் அறிமுகமான குறுகிய லீ-என்ஃபீல்டு மூன்றாம் மாதிரி அங்கும் உருவாக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் அவ்வடிவம் மறையவில்லை. 1962 போருக்குப் பிறகு 7.62 மி.மீ. தோட்டாவுக்கேற்ப மாற்றப்பட்ட 2ஏ, 2ஏ1 வகைகள் அதன் நேர் வாரிசுகள். உத்தரப் பிரதேசக் காவல்துறை .303 ரைபிளுக்கு 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளில்தான் விடைகொடுத்தது. ஆக, ஒரே வடிவிலான மரக்கட்டை நூறாண்டுக்கு மேலாக இந்தியத் தோள்களில் சாய்ந்திருந்தது.

அக்கட்டையில் எவற்றையெல்லாம் வாசிக்கலாம்? ஒன்றிரண்டு சான்றுகள் தருகிறேன்.

லீ-என்ஃபீல்டின் மரம் ஒரே துண்டன்று. முன்கட்டையும் அடிக்கட்டையும் தனித்தனி. அடிக்கட்டை நான்கு நீளங்களில் செய்யப்பட்டது. இயல்பான அளவுக்கு அரை அங்குலம் கூடுதலானது நெடியது. அரை அங்குலம் குறைந்தது குறியது. ஓர் அங்குலம் குறைந்தது 'பான்டம்'. முறையே எல், எஸ், பி என்னும் ஆங்கில எழுத்துகள் கட்டையின் மேற்புறத்தில் அழுத்திப் பொறிக்கப்பட்டன. அந்த ஓரெழுத்து, பெயரறியாத ஒரு படைவீரனின் கைநீளத்துக்குச் சான்று. ஆவணக் காப்பகத்தில் அவன் ஓர் எண். அக்கட்டையில் மட்டுமே அவனுக்கு உடல் இருக்கிறது.

அடுத்து, இசாப்பூர் ரைபிள்கள் பலவற்றின் முன்கட்டையில் குறுக்காகச் செலுத்தப்பட்ட திருகாணி ஒன்று காணப்படும். சேகரிப்பாளர்கள் அதை 'இசாப்பூர் திருகு' என்றே அழைக்கின்றனர். மரம் பிளவுறாமல் காப்பதற்காக ஏற்பட்ட வலுவூட்டல் அது. சில ரைபிள்களின் முன்கட்டையைச் சுற்றிக் கம்பி இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அவை கையெறி குண்டுகளை ஏவப் பயன்பட்டவை. அடிக்கட்டையின் பக்கவாட்டில் பித்தளை வில்லை பதிந்த குழி, படைப்பிரிவின் அடையாளத்தைத் தாங்கியிருக்கக் கூடும். ஒட்டுப்போட்ட மரத்துண்டு, ஆய்வாளரின் முத்திரை, பழுதுபார்த்த ஆண்டு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வரி.

இவ்வரிகள் சில மி.மீ. ஆழம்கூட இல்லாதவை. உப்புத்தாள் அரைமணி நேரத்தில் அவற்றை அழித்துவிடும்.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு விடைசொல்ல வேண்டும். "துப்பாக்கி என்பது எப்போதும் பராமரிக்கப்பட்ட பொருள்தானே? படைப் பட்டறைகளே அதைத் தேய்த்தன, எண்ணெயிட்டன, கட்டையையே மாற்றின. பிறகு எது மூலம், எது மாற்றம்?" என்று பொறுப்பாளர் என்னைக் கேட்டார். நேர்மையான கேள்வி. 1914-இல் லாகூர், மீரட் படைப்பிரிவுகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது, தாம் கொண்டுசென்ற ரைபிள்களை ஒப்படைத்துவிட்டுப் புதியவற்றைப் பெற்றன. அதாவது, ஒரு துப்பாக்கி ஒரே வீரனுக்குரிய நினைவுச்சின்னம் என்னும் எண்ணமே பெரும்பாலும் நமது கற்பனை. கைமாறுவதும் பழுதுபார்க்கப்படுவதும் அதன் இயல்பு. 'தொடப்படாத மூலநிலை' ஒன்றைத் தேடுபவர் கானலைத் தேடுகிறார்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. படைப் பட்டறை ஒரு ரைபிளை முழுமையாகச் செப்பனிட்டால், பெரும்பாலும் தன் முத்திரையையும் ஆண்டையும் அதில் பொறித்தது. பழைய வரியை அழித்த கை, புதிய வரியொன்றை எழுதியது. நாம் இன்று அழகுக்காகத் தேய்க்கும்போது அழிக்கிறோம், எழுதுவதில்லை. அந்த மின்னும் கட்டை 1920-ஐச் சேர்ந்தது போலவும் சென்ற ஆண்டைச் சேர்ந்தது போலவும் ஒருங்கே தோன்றுவதற்குக் காரணம் இதுவே. எனவே தேய்த்ததை மட்டும் நான் குற்றமாகச் சொல்லவில்லை. பதிவின்றித் தேய்த்ததையே சொல்கிறேன்.

மற்றொன்று, பயன்படுத்துபவனுக்கு நன்மையான எண்ணெய், பாதுகாப்பவனுக்குத் தீமையானது. வலையாகப் பின்னிக்கொண்ட ஆளிவிதை எண்ணெயை மரத்திலிருந்து மீட்டெடுக்க இயலாது. அது காலப்போக்கில் கறுக்கும். முழுதும் காயாத இடத்தில் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மீளப்பெறக் கூடிய தலையீடு, குறைந்த அளவுத் தலையீடு என்னும் இரண்டும் பாதுகாப்பியலின் அடிப்படைகள். காட்சிப்பொருளுக்கு உலர்ந்த மென்தூரிகையும், நிலையான ஈரப்பதமும், பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் போதும்.

இது அழகியல் சிக்கல் மட்டுமன்று என்பதற்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் 50 சிப்பாய்கள் .303 ரைபிள்களால் 1,650 தோட்டாக்களைச் சுட்டனர். தோட்டாக்களின் எண்ணிக்கை நமக்குத் துல்லியமாகத் தெரியும். இறந்தோரின் எண்ணிக்கையோ, அரசு சொன்ன 379-க்கும் மற்ற கணக்குகளுக்கும் இடையே இன்றும் வழக்காகவே நிற்கிறது. பேரரசின் காப்பகம் தனது பொருளை எண்ணியது, மக்களை எண்ணவில்லை. அத்தகைய காப்பகத்தை மட்டும் நம்பி வரலாறு எழுத முடியாத நமக்கு, பொருள்களின் மேலுள்ள சிறு தழும்புகளும் சான்றாகின்றன. தேன் நிறத்தில் மின்னும் துப்பாக்கி, எவரையும் சுடாத துப்பாக்கிபோல் தோற்றமளிக்கிறது. அத்தோற்றத்தை உருவாக்கும் உரிமை நமக்கு இல்லை.

முத்திரைகளிலும் ஒரு மௌனம் உண்டு. கட்டையில் ஆய்வாளரின் குறி இருக்கும். தொழிற்சாலையின் குறி இருக்கும். அதை இழைத்து எண்ணெயேற்றிய தொழிலாளியின் குறியை எங்கும் காண முடியாது. அவன் விட்டுச்சென்ற ஒரே தடயம், அவனது கை படிந்த மேற்பரப்புதான். நாம் முதலில் தேய்த்து எடுப்பதும் அதையே.

இரண்டாம் நாள் மீண்டும் அங்குச் சென்றேன். பொறுப்பாளர் அந்தக் கறுத்த துப்பாக்கியை வெளியே எடுத்துத் தந்தார். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, அழுக்கினூடே ஓர் எழுத்து நிழலாக எழுந்தது: எஸ். குறிய கைகளுக்கான கட்டை. இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவர், "இதை இப்படியே விட்டுவிடுகிறோம்" என்றார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிகள் பலவற்றில் தேசிய மாணவர் படையினர் பயிற்சிக்காகப் பயன்படுத்திய, சுடவியலாத .303 ரைபிள்கள் இருந்தன. சில இன்னும் இருக்கலாம். விழாவை முன்னிட்டு அவற்றுக்கு மெருகேற்ற எவரேனும் முனைந்தால், அதற்குமுன் உரிய அனுமதியுடன், பக்கவாட்டு ஒளியில், கட்டையின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். பொறிப்புகளைக் குறித்துவையுங்கள். என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவையுங்கள். அந்த ஒரு தாள் பின்வரும் ஆய்வாளருக்குப் பெருந்துணையாகும்.