பெட்ரோல் என்ன பாலா, திரியறதுக்கு?

"போன மழைக்கு முன்னாடி வாங்கின பெட்ரோல் கேன்ல மிச்சம் இருக்கு. புல் வெட்டற மெஷின்ல ஊத்தலாமாங்க?" டவுன்ல வீட்டுத் தோட்டம் வெச்சிருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எங்க ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால், "பெட்ரோல் என்ன பாலா, திரியறதுக்கு?" என்பார்கள். அவங்க காலத்துக்கு அது ஓரளவு சரி. ஆனா அப்ப இருந்த பெட்ரோல் வேற, இப்ப பங்க்ல புடிக்கற பெட்ரோல் வேற.

பெட்ரோல் எப்பவுமே வெச்சிருந்தா கெடும் சரக்குதான். சீக்கிரம் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். அப்புறம் கயிறை எத்தனை இழுத்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. 1913-இல் அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன், கனமான எண்ணெயை அதிக சூட்டிலும் அழுத்தத்திலும் உடைத்து பெட்ரோல் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதனால் கூடுதல் பெட்ரோல் கிடைத்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது: அப்படி உடைத்து எடுத்த பெட்ரோல் காற்றோடு சேர்ந்து பிசின் கட்டியது. அதைத் தடுக்க ரசாயனம் கலக்க ஆரம்பித்தார்கள். அது பிசின் கட்டுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கார்புரேட்டர் ஜெட் அடைப்பதற்கு இந்தப் பிசின் ஒரு முக்கிய காரணம்.

அடுத்து வந்தது எத்தனால். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் எடுக்கும் சாராயத்தை பெட்ரோலில் கலக்க 1948-லேயே நம்ம நாட்டில் சட்டம் போட்டார்கள். நடைமுறைக்குப் பெரிய அளவில் வந்தது 2003 ஜனவரியில்: 9 மாநிலங்களில் 5 சதவீதம். 2022 ஜூனில் நாடு முழுக்க சராசரி 10 சதவீதம் ஆனது. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் 20 சதவீதக் கலவை வந்தது. 2025-இல் அதுவே எங்கும் சாதாரணமாகிவிட்டது. நாங்க விளைவிக்கற கரும்பும் மக்காச்சோளமும்தான் அதுக்கு மூலப்பொருள். அந்த வகையில் விவசாயிக்கு லாபம்தான்.

ஆனா எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவு தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கீழே இறங்கிவிடும், பெட்ரோல் மேலே நிற்கும். பால் திரிந்த கதைதான்.

எங்க ஊர்ல பிரஷ் கட்டர் வெச்சிருக்கறவங்க பயப்பட வேண்டியது இதுக்குத்தான். டூ-ஸ்ட்ரோக் மெஷினில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. பெட்ரோல் பிரிந்தால் அந்த ஆயில் மேல் அடுக்கோடு போய்விடும். டேங்க் அடியில் கிடக்கும் ஃபில்டர் உறிஞ்சுவது ஆயில் இல்லாத கீழ் அடுக்கை. இன்ஜின் ஓடினாலும் ஆபத்துதான், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசைவிட அந்த ரிப்பேர் செலவு பல மடங்கு.

அதனால நான் சொல்லும் பதில் இதுதான். இறுக்கி மூடி, நிழலில் வைத்த ஒரு மாசத்து பெட்ரோலைத் தைரியமா ஊத்தலாம். அதுக்கு மேல ஆனால் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்க. அடியில் கோடு தெரிந்தாலோ, நிறம் கறுத்திருந்தாலோ, புளிச்ச வாடை அடித்தாலோ வேண்டாம். தெளிவா இருந்தாலும் பல மாசம் ஆனதை டூ-ஸ்ட்ரோக்கில் ஊத்தாதீங்க. கெட்டுப்போனதைக் குப்பை கொளுத்தவும் ஊத்தக்கூடாது. அந்த ஆவி தரையோடு பரவி ஆளையே பிடிக்கும். கிணத்து மேட்டிலும் சாக்கடையிலும் கொட்டாமல், மூடிய கேனோடு மெக்கானிக்கிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்க.

வேலை முடிந்ததும் டேங்கைக் காலி பண்ணி, தானா நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு எடுத்து வையுங்க. அடுத்த தடவை தேவைக்கு மட்டும், ஒரு லிட்டரோ ரெண்டு லிட்டரோ வாங்கினால் போதும்.