வேர் தாங்கும் தேவாலயம்

கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பியவை காலத்தை வெல்லும் என்று மாந்தர் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணை எளிதில் பொய்த்துவிடும் என்பதை ராஸ் தீவில் பாழ்பட்டு நிற்கும் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் உணர்த்துகிறது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சிறைப்பட்டோரை நாடு கடத்த ஆங்கில அரசு அந்தமானைத் தேர்ந்தது. 1858 மார்ச்சு 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். போர்ட் பிளேர் துறைமுகத்தின் வாயிலில் அமைந்த ராஸ் தீவு விரைவில் ஆட்சித் தலைமையிடமாயிற்று. கைதிகள் காட்டை வெட்டினர், கல் சுமந்தனர். ஆணையர் மாளிகை, அடுமனை, நடன அரங்கு, கடைத்தெரு ஆகியவற்றோடு இத்தேவாலயமும் எழுந்தது.

சுவர்கள் கல்லால் ஆனவை. சாளரச் சட்டங்களுக்குப் பர்மாத் தேக்கு வந்தது. கடற்காற்றின் உப்பையும் மழையையும் தாங்கவல்ல மரம் அது. பீடத்தின் பின்னே இத்தாலியிலிருந்து தருவித்த வண்ணக் கண்ணாடி ஒளிர்ந்தது. அருகிலேயே போதகர் இல்லம் இருந்தது.

1941 சூன் 26ஆம் நாள் நேர்ந்த பெருநிலநடுக்கம் தீவைக் குலைத்தது; தலைமையிடம் போர்ட் பிளேருக்குப் பெயர்ந்தது. 1942 மார்ச்சில் சப்பானியர் கைப்பற்றினர். வழிபாட்டொலி கேட்ட தீவில் பதுங்கு அரண்கள் எழுந்தன. 1945இல் போர் முடிந்த பின்னரும் பழைய குடியிருப்பு மீளவில்லை. 1979இல் தீவு கடற்படையின் பொறுப்புக்கு வந்தது. 2018இல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றது.

இன்று அங்கே கூரை இல்லை, கண்ணாடியும் இல்லை. அத்தி இனத்து மரங்களின் வேர்கள் இடிபாடுகளைத் தழுவி இறங்கியுள்ளன. கல்லைப் பிளப்பதும் அவ்வேரே. பிளந்த கல்லை விழாது பற்றுவதும் அவ்வேரே. வேரை அகற்றின் சுவர் சரியும். விட்டுவைப்பின் சுவர் நாளும் நெகிழும். காப்பதென்பது ஈண்டு எளிய செயலன்று.

அந்நியர் கட்டியது அழிந்தால் நமக்கென்ன என்று வினவுவோர் உளர். வழிபட்டவர் அந்நியர், ஆனால் தீவைத் திருத்திய கைகள் நம்மவர் கைகள் அல்லவா? அதிகாரிகளின் பெயர்களை ஏடுகள் காத்தன. கல் சுமந்தோர் பலரின் பெயரை எக்கல்லும் தாங்கவில்லை. ஆதலின் எஞ்சிய இச்சுவர்களே அவர்களுக்கு நடுகல். அவற்றைக் காத்தல் ஆண்டவரைப் போற்றுவதாகாது. மாண்டவரை மறவாமையே ஆகும்.