மைனர் காரின் முன்கண்ணாடி: இரண்டாக இருந்தது ஏன், ஒன்றானது எப்போது?



பழைய மொரிஸ் மைனர் கார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிலவற்றின் முன்கண்ணாடி நடுவில் ஒரு சட்டத்தோடு இரண்டு துண்டாக இருக்கும். மற்றவற்றில் லேசாக வளைந்த ஒரே கண்ணாடி. அழகுக்காகச் செய்த மாற்றம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் கண்ணாடி உடைந்து மாற்ற வேண்டி வரும் நாளில், அந்தக் கார் மறுபடி தெருவுக்கு வருமா, கராஜ் மூலையில் கிடக்குமா என்பதை முடிவு செய்வது அந்த வித்தியாசம்தான். நம் நாட்டில் இதற்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

மைனர் கார் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இவர் 1906இல் அன்றைய உஸ்மானியப் பேரரசின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். வேலை முடியும் தறுவாயில் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் அகட்டிப் பார்த்தே அதன் அகலத்தைத் தீர்மானித்தார். பொனட்டின் நடுவில் ஓடும் அந்த மேடு இதன் அடையாளம். போர் முடிந்து மூன்றே ஆண்டுகள். கண்ணாடியை வளைப்பது செலவான வேலை. மலிவான குடும்பக் காருக்கு இரண்டு தட்டைக் கண்ணாடிகளைக் கோணமாக வைப்பதே இலகு. 1956இல் 948 சிசி எஞ்சினோடு மைனர் 1000 வந்தபோதுதான் நடுச்சட்டம் போய், வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. ஓட்டுபவருக்குப் பாதை இன்னும் விரிவாகத் தெரிந்தது. 1971இல் உற்பத்தி முடிந்தபோது 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் உருவாகியிருந்தன.

நம் நாட்டுக்கும் இரண்டு வகையும் வந்தன. பிறகு 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 1977 வரை அது உச்சத்தில் இருந்தது. புதுக் கார் வாங்க வழியில்லை. இருக்கிற காரை எப்படியாவது ஓட்ட வேண்டும். மட்காட் உக்கினால் தகரம் வெட்டித் தட்டி எடுத்தார்கள். புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்தார்கள். றப்பருக்கும் நாம் அந்நியரல்ல. கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த றப்பர் கன்றுகள் 1876இல் கம்பஹா ஹெனரத்கொடவில் நடப்பட்ட நாடு இது.

ஆனால் எந்தக் கராஜ் பாஸும் கையால் செய்ய முடியாத ஒரு சாமான் இருந்தது. அதுதான் வளைந்த முன்கண்ணாடி.

இரண்டு துண்டுக் கார்காரர் தப்பினார். பழைய கண்ணாடியை அட்டையில் வைத்துக் கோடு கீறி, கண்ணாடிக் கடையில் கொடுத்தால் தட்டைத் தகட்டில் வெட்டித் தருவார்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு அச்சும் உலையும் வேண்டும். கழித்துப் போட்ட இன்னொரு காரிலிருந்து கழற்றி எடுப்பதே வழி. பழைய மொடலுக்கு வைத்தியம் இலகுவாகவும், புதிய மொடலுக்குக் கடினமாகவும் அமைந்துவிட்டது.

இங்கே எந்தக் கண்ணாடி என்பதும் முக்கியம். யன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி போல நீண்ட துண்டுகளாகும். முகத்துக்கு முன்னால் அதை வைப்பது உயிரோடு விளையாடுவது. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த உறுதிக் கண்ணாடி சிறு மணிகளாக நொறுங்கும். ஆனால் ஒரு கல் பட்டால் முழுக் கண்ணாடியும் வெள்ளையாகி வீதியே தெரியாமல் போகும். அதைச் செய்த பிறகு வெட்டவும் முடியாது. மூன்றாவது, இரண்டு தகடுகளுக்கு நடுவே படலம் ஒட்டிய லெமினேட்டட் கண்ணாடி. பிரான்சின் எடுவார் பெனடிக்டஸ் இதற்கு 1909இல் காப்புரிமை பெற்றார். உள்ளே ரசாயனம் காய்ந்து படலமாக ஒட்டியிருந்த ஒரு குடுவை, கீழே விழுந்தும் சிதறாததைக் கண்டே அவருக்கு அந்த யோசனை வந்தது. இது விரிசல் விட்டாலும் இடத்தில் நிற்கும், வெட்டவும் முடியும். ஆகவே இரண்டு துண்டு மைனருக்குக் கண்ணாடி வெட்டக் கொடுப்பவர்கள் லெமினேட்டட் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான். பரவாயில்லை.

இனிப் பூட்டும் முறை. ஒற்றைக் கண்ணாடிக்கு நம் பாஸ்மார் செய்யும் விதத்தைச் சொல்கிறோம்.

முதலில் றப்பரின் பள்ளத்தில் இருக்கும் பூட்டுப் பட்டியை உருவி எடுக்க வேண்டும். றப்பரின் உதட்டை மழுங்கிய மரத்துண்டால் கிளப்பி, உள்ளேயிருந்து மெதுவாகத் தள்ள, வெளியே ஒருவர் ஏந்திக்கொள்ள வேண்டும். பிறகு தகர விளிம்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கீழ் மூலைகளில்தான் துரு. அதைச் சுரண்டி, ஒட்டுப் போட்டு, பிரைமர் பூசாமல் மேலே போகக் கூடாது. துருவால் மேடு தட்டிய விளிம்பில் கண்ணாடியை அழுத்தினால் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

றப்பர் புதிதாக இருக்க வேண்டும். வெயிலில் வைத்து இளக்கி, அதைக் கண்ணாடியைச் சுற்றி முதலில் மாட்டுவார்கள். தகரத்தைக் கவ்வும் பள்ளத்தில் ஒரு மெல்லிய நைலோன் கயிற்றைச் சுற்றிவர வைத்து, இரு நுனிகளையும் கீழ் நடுவில் குறுக்காக வெளியே விடுவார்கள். சவர்க்காரத் தண்ணீர் தடவி, வெளியேயிருந்து கண்ணாடியை விளிம்பில் பொருத்துவார்கள். உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க, றப்பரின் உதடு தகரத்துக்கு மேலால் ஏறி உள்ளே வரும். வெளியே இருப்பவர் கயிறு போகும் இடத்தைப் பின்தொடர்ந்து உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பார். முதலில் கீழ்ப்பக்கம், பிறகு இரு பக்கங்கள், கடைசியாக மேல். மூலையில் அவசரப்பட்டால் கண்ணாடி போய்விடும். சுத்தியல் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. கடைசியாகப் பூட்டுப் பட்டியைப் பள்ளத்தில் செலுத்தி, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து ஒழுக்குப் பார்ப்பார்கள்.

இதில் பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஒரு கயிறும், ஒருவர் கையை ஒருவர் அறிந்த இரண்டு பேரும்தான். அதனால்தான் இது புத்தகத்தில் வளரவில்லை, பக்கத்தில் நின்று பழகிய பொடியன்களிடம் வளர்ந்தது.

அந்தத் திறமைக்கு வெளியிலும் மதிப்பு இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயார், 1990களில் நம் நாட்டவரோடு கூட்டுச் சேர்ந்து மைனரின் தகரப் பாகங்களை இங்கே செய்வித்து அங்கே கொண்டுபோனார். காரைக் கண்டுபிடித்த நாடே அதன் சாமான்களுக்கு நம்மிடம் வந்தது. இல்லாமையில் கற்ற தொழில் அது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றபோது பழைய கார்களின் அருமை நமக்கு மீண்டும் தெரிந்தது. 2025இல் தனியார் வாகன இறக்குமதி திறந்ததும் பலரும் அதை மறந்துகொண்டிருக்கிறோம். இன்றைய கார்களின் கண்ணாடி பசையால் ஒட்டப்படுகிறது. கயிறு இழுக்கும் வேலை அதற்குத் தேவையில்லை. தெரிந்த பாஸ்மாரோ முதுமையில் இருக்கிறார்கள். சிலர் மவுத்தாகிவிட்டார்கள், அல்லாஹ் அவர்களுக்கு ரஹ்மத் செய்வானாக. அவர்கள் கராஜ் சுவரில் தொங்கவிட்ட அட்டை அச்சுகள் குப்பையோடு போய்க்கொண்டிருக்கின்றன.

ஊரின் வரலாறு என்றால் பள்ளிவாசல் கட்டியதையும் பாடசாலை தரமுயர்ந்ததையும் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். கராஜ்களையும் அதில் சேர்ப்போம். உங்கள் குடும்பத்தில் இந்தத் தொழில் செய்த வாப்பாவோ மூத்தவாப்பாவோ இருந்தால், அவர்கள் சொல்வதைப் போனில் பதிந்து வையுங்கள். அட்டை அச்சுகள் இருந்தால் அளவெடுத்து வையுங்கள். அடுத்த முறை ஊரில் ஒரு மைனருக்குக் கண்ணாடி பூட்டும்போது, ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கயிற்றின் ஒரு நுனியை அவன் கையில் கொடுங்கள்.