தோட்டாவைக் கடித்தவரும் தண்ணீர் கேட்டவரும்

1857 என்றதும் நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. ஒரு செம்புத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

முதலில் தோட்டா. என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 0.577 அங்குலம். குண்டு மென்மையான ஈயம், குழலைவிடச் சற்றுச் சிறியது. வெடிமருந்தும் குண்டும் ஒரே காகித உறைக்குள் இருக்கும். குண்டு இருக்கும் பக்கம் கொழுப்பு தடவியிருக்கும். சிப்பாய் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, உறையைத் திருப்பிக் குண்டைச் செருகுவார். மிச்சக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குண்டைக் கம்பியால் இடிப்பார். சுற்றிய காகிதத்தோடேதான் குண்டு உள்ளே இறங்கும். சுடும்போது ஈயம் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றும். கொழுப்பு இல்லாவிட்டால் குழல் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

1857 ஜனவரி, கல்கத்தா அருகே டம்டம். ஆயுதக் கிடங்கின் கலாசித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் அவரது செம்பில் தண்ணீர் கேட்டார். தீட்டு என்று சிப்பாய் மறுத்தார். மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கும்போது உங்கள் சாதியும் போய்விடும் என்று தொழிலாளி திருப்பிச் சொன்னார். ரைட் என்ற அதிகாரி இதை மேலிடத்துக்கு எழுதினார். கம்பெனியும் இறங்கிவந்தது: கொழுப்பைச் சிப்பாய்களே தடவிக்கொள்ளலாம், கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றது. சாதி கெடும் என்ற அச்சத்துக்கு அவ்வளவு மரியாதை!

அந்த அறிக்கையில் தொழிலாளிக்குச் சாதி உண்டு, பெயர் இல்லை. உத்தரப் பிரதேச தலித்துகளின் சிறு நூல்களில் அவர் மாதாதீன் பங்கி. ஆதாரம் எங்கே என்று நம்மிடம் கேட்கிறார்கள். பெயரை எழுதாமல் விட்டது நாமா? மார்ச் 29 அன்று பாரக்பூரில் சுட்ட மங்கள் பாண்டேவுக்கு 1984இல் தபால்தலையே வந்துவிட்டது.