குறியீட்டுக்கு முந்தைய விதி

அடிமானம் ஒன்றேயாயின், அடுக்குகளைப் பெருக்கும்போது அடுக்குக்குறிகளைக் கூட்டுக: பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த விதி இது. அடிமானத்தின் மேலே சிற்றெண் இடும் இன்றைய முறை, 1637இல் வெளியான தெக்கார்த்தின் வடிவியல் நூலால் நிலைபெற்றது. விதியும் குறியீட்டோடுதான் பிறந்தது என்று கொள்வது இயல்பு. இந்தியச் சான்றுகள் அவ்வாறு காட்டவில்லை.

சமண ஆகமங்களுள் ஒன்றான அநுயோகத்வார சூத்திரம், மனிதர்களின் தொகையை இரு வகையாக வரையறுக்கிறது. ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கி வரும் எண் என்பது ஒன்று. தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்க எண் என்பது மற்றொன்று. 2இல் தொடங்கி மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தினால் 4, 16, 256, 65,536 என வளர்ந்து, ஐந்தாவது 2³² ஆகவும் ஆறாவது 2⁶⁴ ஆகவும் அமையும். இவற்றின் பெருக்கற்பலன் 2⁹⁶. அது 29 இலக்க எண். அவ்வளவு பெரிய எண்ணைப் படிப்படியாகப் பாதியாக்கிப் பார்க்கத் தேவையில்லை. 64ஐயும் 32ஐயும் கூட்டினால் 96 கிடைத்துவிடும். இரு வரையறைகளையும் இணைப்பது அடுக்குக்குறிக் கூட்டல் விதியே.

அச்சூத்திரத்தில் உட்கிடையாக நின்ற இவ்விதியை, 9ஆம் நூற்றாண்டில் ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனர் இயற்றிய தவளா உரை வெளிப்படையாகவே உரைக்கிறது. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்கு அவ்வுரையில் 'அர்த்தச்சேதம்' என்று பெயர். பெருக்கற்பலனின் அர்த்தச்சேதம், காரணிகளின் அர்த்தச்சேதங்களது கூடுதல்; ஈவுக்கு அவற்றின் வித்தியாசம்.

அடுக்குகளின் பெயரிலும் இத்தெளிவைக் காணலாம். வடமொழிக் கணித நூல்களில் ஆறாம் அடுக்கு 'வர்க்ககனம்'. ஐந்தாம் அடுக்கு 'வர்க்ககனகாதம்'. வர்க்கத்தின் கனம் எனில் 2 × 3. வர்க்கமும் கனமும் பெருக்கப்பட்டால் 2 + 3. மாணவர் இன்றும் குழப்பிக்கொள்ளும் இரு விதிகளையும் 'காதம்' என்ற ஒரு சொல் பிரித்து வைத்தது. பிரம்மகுப்தரோ 628இலேயே 'பஞ்சகதம்' என எண்ணையே பெயராக்கி, இச்சிக்கலைக் கடந்துவிட்டார்.

இதைக்கொண்டு மடக்கை அட்டவணை நம்மிடம் இருந்தது என முழங்குவது பிழை. 1614இல் நேப்பியர் வெளியிட்டது போன்ற கணிப்புக் கருவியாக அர்த்தச்சேதம் வளரவில்லை. ஆனால் விதியின் பொருள் எண்ணிக்கையே என்பதை அது காட்டுகிறது. எத்தனை முறை பெருக்கினோம், எத்தனை முறை பாதியாக்கினோம் என்று எண்ணத் தெரிந்த மாணவருக்கு விதியை மனப்பாடம் செய்யும் தேவை இல்லை. வகுப்பறையில் குறியீட்டை எழுதுமுன் அந்த எண்ணிக்கையைக் கற்பிக்க வேண்டும்.